தண்ணீரில் மணக்காத மரிக்கொழுந்து

1. சாக்கு வந்த நாள்

தூத்துக்குடி பஸ்ஸிலிருந்து கண்டக்டர் அந்தச் சாக்கை இறக்கவில்லை. காலால் தள்ளிவிட்டார்.

"யோவ், இந்த நாத்தத்தை ஏத்திட்டு வந்ததுக்கு எனக்கு நீருதான் சோப்பு வாங்கித் தரணும்" என்று கத்திவிட்டு விசில் ஊதிப் போயே போய்விட்டார். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில், சொட்டச் சொட்ட நனைந்த சாக்கும் நானும்தான் மிச்சம். சுற்றி நின்ற சனம் பைய விலகிப் போனது.

என் பெயர் கோமதிநாயகம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரித் தாவரவியல் துறையில் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் சுத்த சைவ வீடு. மீன் கடைத் தெரு வந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிற ஆள். அந்த ஆளிடம் போய் ஒரு சாக்குக் கடல்பாசியைக் கொடுத்தால் எப்படி இருக்கும்!

சாக்கை அனுப்பியவள் ஜெனோவா. எங்கள் துறையில் பிஎச்.டி. சேர்ந்த பெண். தூத்துக்குடிக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமம். சாக்கு வந்த மறுநாள் அவளும் வந்து சேர்ந்தாள். நான் லேப் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணாச்சி, அது செத்த வாடை இல்ல. கடல் வாடை. நாலு நாள்ல உங்களுக்குப் பிடிச்சிரும்."

"எனக்கா? ஏம்மா, நான் சைவம்."

"இதுவும் சைவந்தான். நீங்க இவ்வளவு காலமா லேப்ல காய்ச்சி ஊத்துறீங்களே அகர், அது எதிலேருந்து வருதுன்னு நினைச்சீங்க? இதே பாசியிலேருந்துதான்."

எனக்குத் திக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பாட்டில் பாட்டிலாக அகர் காய்ச்சியிருக்கிறேன். அது ஏதோ சீமை மாவு என்றுதான் நினைத்திருந்தேன். கடலில் முளைப்பது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாக்கைப் பிரித்தோம். உள்ளே இரண்டு பொட்டலம். ஒன்றில் பழுப்பும் பச்சையுமாக, கம்பி கம்பியாக, குட்டையாக ஒரு பாசி. "இது எங்க பாறையிலே முளைக்கிறது. இதுக்கு மரிக்கொழுந்துன்னு பேரு" என்றாள். மற்றதில் விரல் தடிமனுக்குக் கிளை கிளையாக, வழவழவென்று இன்னொன்று. ஐஸ்கிரீம், பற்பசை எல்லாம் கெட்டியாக இருப்பதற்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கடலில் வளர்த்த பாசி அது. கப்பாபைகஸ் என்று புத்தகத்தில் பேர். அவர்கள் ஊர்ப் பெண்கள் அதை வரத்துப் பாசி என்பார்கள். கட்டி வைத்த இடத்திலிருந்து ஒடிந்து ஒடிந்து போய், பவளப்பாறை, கல்லுப்பாறை எல்லாவற்றிலும் ஒட்டிப் படர்ந்துவிட்டதாம்.

ஜெனோவாவின் அம்மா மிக்கேலம்மாள், பாறையில் முங்கி மரிக்கொழுந்து பறிக்கிறவர். அப்பா இல்லை. அந்தப் பாசிதான் இவளைப் படிக்க வைத்தது. வரத்துப் பாசி வந்த பிறகு பறிக்கப் பாறை கிடைக்கவில்லை. மகள் ஆராய்ச்சிக்குக் கிளம்பும்போது அந்தம்மா கேட்டது ஒரே கேள்வி.

"மக்கா, நம்ம பாசி அதை ஜெயிக்குமா? அதை மட்டும் பார்த்துச் சொல்லு."

அதுதான் அவள் தீசிஸ். நம் கடலுக்குச் சொந்தமான பாசி ஏதாவது ரசாயனம் விட்டு, அந்த வரத்துப் பாசியை அடக்குமா, அடக்காதா?

2. உள்ளூரில் ஒரு கடல்

கடல் பாசியைக் கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி வைத்து வளர்ப்பானேன் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கடற்கரையில் வைத்தால் ஒரு துண்டு தப்பி வாய்க்காலில் போனால் போதும், புதிதாக ஒரு இடத்தைக் கெடுத்துவிடும். பாளையங்கோட்டையிலிருந்து தப்பி எங்கே போகும்? தாமிரபரணியில் விழுந்தால் அன்றைக்கே செத்துப்போகும். அதனால் கடல் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினோம். வேலை முடிந்த தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் கொட்டுவது.

இங்கேதான் எனக்குப் பெரிய சோதனை. நாங்கள் ஆற்றங்கரைக்காரர்கள். எதைக் கண்டாலும் நல்ல தண்ணீரில் ஒரு அலசு அலசினால்தான் மனசு ஆறும். "அண்ணாச்சி, குழாய்த் தண்ணி மட்டும் பட்டுரக் கூடாது. பாசி காலியாயிரும்" என்று ஜெனோவா நித்தமும் எச்சரிப்பாள். அழுக்குத் தொட்டியைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்ற கஷ்டம் எனக்குத்தான் தெரியும்.

எங்கள் ஹெச்.ஓ.டி. செல்லப்பா சார். பொதிகை மலைச் செடி என்றால் இலையைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே பேர் சொல்லுவார். கடல் என்றால் திருச்செந்தூரில் கால் நனைத்ததோடு சரி. தினமும் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்.

"என்ன வே, உம்ம பாசி சண்டை போடுதா?"

"போடுது சார். சத்தந்தான் வரலை."

உண்மையில் போடத்தான் செய்தது. இரண்டையும் ஒன்றாக, ஒட்டினாற்போல் வைத்த தொட்டியில் வரத்துப் பாசி நிறம் வெளுத்து, தொட்ட இடத்தில் கொழகொழவென்று ஆனது. தனியாக வைத்தது நன்றாகவே இருந்தது. ஜெனோவா ஊருக்குப் போன் போட்டு, "எம்மா, ஜெயிக்கும் போலத் தெரியுது" என்றாள். அந்தப் பக்கத்தில் மிக்கேலம்மா போட்ட சத்தம் எனக்கே கேட்டது. நானும் எல்லோருக்கும் காப்பி சொன்னேன்.

அந்தக் காப்பி ஆறுவதற்குள் கமிட்டி வந்தது.

3. கமிட்டிக்காரர் சொன்னது

டாக்டரல் கமிட்டிக்கு வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் முகத்துக்கு நேரே சொல்லுகிறவர். போட்டோக்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கெமிக்கல்தான்னு எப்படிம்மா சொல்றீங்க? இந்த உங்க ஊர்ப் பாசி கம்பி மாதிரி இருக்கு. உரசி உரசிப் புண்ணாகியிருக்கலாம். இல்ல, தண்ணியில இருக்கிற சத்தையெல்லாம் அதுவே உறிஞ்சி இதைப் பட்டினி போட்டிருக்கலாம். இது ரெண்டும் இல்லைன்னு ஒப்பிட்டுக் காட்டுற கன்ட்ரோல் எங்கே? அடுத்த ரிவ்யூக்குள்ள காட்டுங்க. முடியலைன்னா டாபிக்கை மாத்திக்குங்க."

அவர் சொன்னது சரிதான் என்று ஜெனோவாவுக்கே தெரிந்ததுதான் பெரிய வேதனை.

விட்டுவிடவில்லை. சத்துச் சண்டை வரக் கூடாது என்று எல்லாத் தொட்டிக்கும் ஒரே மாதிரி உரம் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினோம். பிறகு மரிக்கொழுந்து ஊறிக் கிடந்த தண்ணீரை வடிகட்டி, வரத்துப் பாசி தனியாக இருந்த தொட்டியில் விட்டோம். ரசாயனம் வந்தால் தண்ணீர் வழியாகத்தானே வரும் என்று கணக்கு. அந்தப் பாசி வாடுவதாவது! மறுவீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி தளதளவென்று வளர்ந்தது.

திரும்பச் செய்தோம். திரும்பவும் அதே கதை.

"அண்ணாச்சி, அம்மாகிட்ட நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்" என்றாள். அழவில்லை. தொட்டியைப் பார்த்தபடியே இருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அடுத்த நாள் காய்ச்சல் என்று ஹாஸ்டலில் படுத்துவிட்டாள். மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அது என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியும்.

4. செல்லப்பா சார் கொண்டுவந்த மூட்டை

படுத்திருந்தாலும் ஜெனோவாவுக்கு வேலை ஞாபகம் போகவில்லை. லேபில் மரிக்கொழுந்து தீர்ந்துபோயிருந்தது. அம்மாவை அனுப்பச் சொல்ல மனசில்லை. செல்லப்பா சாருக்குப் போன் போட்டு, "சார், மரிக்கொழுந்து தீந்துபோச்சு. கொஞ்சம் ஏற்பாடு பண்ணணும் சார்" என்றாள். கடற்கரைக்கு வண்டி அனுப்புங்கள் என்று அர்த்தம்.

சாருக்கு வீடு திருநெல்வேலி டவுனில். மறுநாள் காலையில் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு கோணி மூட்டை. மூட்டையைப் பிரித்தால் வராண்டாவெல்லாம் கமகமவென்று மணம். மாலை கட்டுகிற மரிக்கொழுந்து! பூ மார்க்கெட்டில் இருந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார் மனுஷன்.

"சார்... இது பூக்கடை மரிக்கொழுந்துல்லா?"

"ஆமா வே. அதைத்தான கேட்டா?"

"அவ கேட்டது பாசி சார். அதுக்கும் மரிக்கொழுந்துன்னுதான் பேரு."

சார் முகத்தைப் பார்க்கணுமே! காகிதத்தில் அவர் பார்த்ததெல்லாம் பாசியின் லத்தீன் பேர்தான். ஆனால் அவர் ஒன்றும் யோசிக்காமல் வாங்கவில்லை. இந்தச் செடி ஆர்ட்டிமிசியா இனம், பக்கத்தில் வேறு செடியை வளரவிடாத சாதி. ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கிறாள், கெட்டிக்காரி என்று வழியெல்லாம் அவளை மெச்சிக்கொண்டே வந்திருக்கிறார். இவ்வளவு படித்திருந்ததால்தான் இந்தத் தப்பு. கடையில் நின்ற வேறு யாரும் ஒரு மூட்டை வாங்கியிருக்க மாட்டார்கள்.

"ஏ, வெளியே சொல்லிராதேயும்" என்றார். மத்தியானத்துக்குள் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. மணமே சொல்லிவிட்டது.

வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று டீச்சர்மார் ஆளுக்கொரு கைப்பிடி வைத்துக்கொண்டார்கள். மிச்சத்தை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். சாயங்காலம் அதை அள்ளித் தோட்டக்காரரிடம் கொடுத்தேன். வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, ரயிலேறி ஊர் வந்தேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றவில்லை, என் வீட்டுக்காரி பகவதி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"யாருக்கு மரிக்கொழுந்து வாங்கிக் குடுத்துட்டு வாரீய?"

"ஏ, அது லேப் வேலை!"

"நேத்து வரைக்கும் லேப் வேலை கருவாடா நாறிச்சு. இன்னைக்கு மட்டும் மணக்குதாக்கும்?"

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு அப்பளம் வைக்கவில்லை. அப்பளத்துக்குப் பேர் போன கல்லிடைக்குறிச்சியில் ஒரு மனுஷனுக்கு இதைவிட என்ன அவமானம்!

5. ரயிலில் வந்த மணம்

காய்ச்சல் விட்டு ஜெனோவா வந்ததும் இதைச் சொன்னேன். அவளைச் சிரிக்க வைக்கணும் என்றுதான் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். சார் ஆட்டோவில் வந்தது, பகவதி நின்ற நிலை, அப்பளம், எல்லாம். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதே பிள்ள. அந்த வாளித் தண்ணியிலே ஒரு மணமும் இல்ல. மோந்து பார்த்துட்டுத்தான் ஊத்தினேன். ஆனா கையிலே பட்டது சோப்புக்கும் போகலை, செங்கோட்டை பாசஞ்சருக்கும் போகலை..."

சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

"திரும்பச் சொல்லுங்க அண்ணாச்சி."

"என்னத்தை? அப்பளத்தையா?"

"இல்ல, தண்ணி. தண்ணியில மணக்கலைன்னீங்களே."

அவள் எனக்கு விளக்கியதை உங்களுக்குச் சொல்லுகிறேன். செடியின் வாசனை எண்ணெய்ச் சரக்கு. தண்ணீரில் சரியாகக் கரையாது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பாசியில் இருப்பதும் அந்த மாதிரி எண்ணெய்ச் சரக்காக இருந்தால்? தண்ணீரை வடிகட்டி ஊற்றினால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. பாசியும் பாசியும் தொட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் இத்தனை நாளும் வாளித் தண்ணீரையே மோந்துகொண்டிருந்திருக்கிறோம், கையை மோந்து பார்க்கவில்லை.

6. பிளாஸ்டிக் தோட்டம்

அதன் பிறகு லேபில் இருந்த சுறுசுறுப்பை நினைத்தால் இப்போதும் எனக்குத் திரும்ப வேலைக்குப் போய்விடலாமா என்று இருக்கும். கடற்கரையிலிருந்து புது மரிக்கொழுந்து வந்தது. அதைக் காயவைத்து, எண்ணெயைக் கரைக்கிற சால்வென்ட்டில் ஊறப்போட்டு, எண்ணெய்ச் சரக்கைப் பிரித்தெடுத்தோம். அகர் காய்ச்சி, அதில் அந்தச் சரக்கைக் கலந்து, உறைந்ததும் நாடா மாதிரி வெட்டி, வரத்துப் பாசியின் கிளையில் கட்டினோம். இன்னொரு கிளையில் சரக்கு இல்லாத வெறும் அகர் நாடா. அகர் காய்ச்சுகிற வேலை என்னுடையது. என் ஆயுசில் அவ்வளவு பக்தியோடு நான் எதையும் காய்ச்சியதில்லை.

உரசிப் புண்ணானதா என்ற கேள்விக்குத்தான் வழி தெரியவில்லை. அதே மாதிரி விறைப்பாக, ஆனால் ஒரு சரக்கும் இல்லாததாக ஒன்று வேண்டும். செல்லப்பா சார் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கவர். சாமி படத்துக்குப் போடுகிற பிளாஸ்டிக் மாலை. அதில் பச்சைப் பச்சையாகப் பிளாஸ்டிக் மரிக்கொழுந்து.

"இந்தத் தடவை சரியா வாங்கியிருக்கேனா, பாரும்மா" என்றார். குரலில் ஒரு பயம் இருந்தது.

ஜெனோவா அதை வாங்கித் தடவிப் பார்த்தாள். "சார், இதைவிடச் சரியா யாராலயும் வாங்க முடியாது" என்றாள். சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிளாஸ்டிக்கைக் குட்டையாகக் கத்தரித்து, ஊறவைத்துக் கழுவி, கல்லில் கட்டி ஒரு தொட்டியில் நட்டோம். காற்றுக் குழாய் விட்டுத் தண்ணீரை அலம்ப வைத்தோம். இரண்டு தொட்டியிலும் ஒரே உரசல். ஒன்றில் உயிருள்ள மரிக்கொழுந்து, ஒன்றில் பிளாஸ்டிக்.

பிளாஸ்டிக் பட்ட பாசிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெறும் அகர் கட்டிய கிளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. சரக்குக் கலந்த நாடாவை அவிழ்த்தால், அது இருந்த இடம் அச்சு வைத்தாற்போல் வெளுத்திருந்தது. உயிருள்ள மரிக்கொழுந்து உரசிய இடத்திலும் அதே வெளுப்பு. இன்னொன்றும் பார்த்தோம். மரிக்கொழுந்து அடர்ந்த கல்லில் வரத்துப் பாசித் துண்டு ஒட்டிப் பிடிக்கவே இல்லை. மொட்டைக் கல்லில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

இது எங்கள் தொட்டியில் நாங்கள் கண்டது. எல்லாக் கடலுக்கும் எல்லாப் பாசிக்கும் இதுதான் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வெளுத்த தடத்தைப் பார்த்து நாங்கள் மூன்று பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு நின்றுபோனது. அடுத்த ரிவ்யூவில் அந்த நிபுணர் பிளாஸ்டிக் மரிக்கொழுந்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த கன்ட்ரோல் யார் ஐடியா?" என்றார். செல்லப்பா சார் கல்யாணப் பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

7. நல்ல பாறை

தீசிஸின் கடைசிப் பக்கம் பரிந்துரை. ஜெனோவா எழுதினாள்: பாறைகளில் மரிக்கொழுந்து பறிப்பதைத் தடை செய்ய வேண்டும்.

டைப் அடித்த தாளை என்னிடம் காட்டினாள். வாசித்ததும் எனக்கு மிக்கேலம்மா ஞாபகம்தான் வந்தது. அவளுக்கும்தான். ஜெயிக்கிற பாசியை யார் பறித்துக்கொண்டிருக்கிறார்கள்?

"கமிட்டிக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டணும் அண்ணாச்சி. எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு."

கடல் தண்ணீர் எடுக்கிற கேனோடு நானும் போனேன். மிக்கேலம்மா அப்போதுதான் கரையேறியிருந்தார். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தது. ஈரத்தோடு மணலில் உட்கார்ந்து, "வாங்க அண்ணாச்சி" என்றார். மகளைப் பார்த்து, "என்ன மக்கா, ஜெயிச்சிருச்சா?" என்றார்.

"ஜெயிச்சிருச்சும்மா" என்றாள். தாளை எடுத்து வாசித்தாள். மரிக்கொழுந்து நிற்கிற பாறையில் வந்த பாசிக்குப் பிடிமானம் இல்லை, பறித்த பாறையில்தான் வந்து ஒட்டுகிறது, ஆகவே தடை.

மிக்கேலம்மா விரலில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். நேரமெடுத்து அவிழ்த்தார்.

"அப்போ அதுக்கு நாந்தான் இடம் விட்டிருக்கேன்."

"நீ மட்டும் இல்லம்மா..."

"திரும்ப முளைக்க எவ்வளவு நாளாகும்?"

"இன்னும் தெரியலம்மா."

"அது வரைக்கும் நாங்க என்ன செய்ய? அது எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?"

ஜெனோவா தாளை மடித்தாள். எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. எத்தனை தொட்டி வைத்தோம், எத்தனை கன்ட்ரோல் வைத்தோம்! இந்தக் கேள்விக்கு ஒரு தொட்டி வைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. அவள் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதாள். "உன்னைப் பறிக்காதேன்னு சொல்லவாம்மா என்னைப் படிக்க வச்சே?" என்றாள். நான் கேனைத் தூக்கிக்கொண்டு கடல் பக்கம் போய்விட்டேன். என் கண்ணும் சரியில்லை.

திரும்பி வரும்போது மிக்கேலம்மாவைச் சுற்றி நாலைந்து பெண்கள். எல்லோர் விரலிலும் துணி. ஒருத்தி, "ஓரமா இருக்கிற சின்னப் பாறையை விட்டுருவோம்" என்றாள். அங்கே முன்னமே ஒன்றும் கிடையாதாம்.

"மொட்டைப் பாறையை விட்டு யாருக்கு என்ன லாபம்?" என்றார் மிக்கேலம்மா. "விடுறதுன்னா நல்ல பாறையை விடணும். நான் பறிக்கிற பாறையை விடுவோம். மத்ததுல முறை வச்சுப் பறிப்போம். ஏ மக்கா, தடைன்னு எழுதாத. நாங்க விட்டோம்னு எழுது."

அப்படியே எழுதினாள். டாக்டர் பட்டமும் வாங்கினாள். இப்போது வேறொரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அந்தக் கரைக்குப் போயிருந்தேன். நீர் வற்றிய நேரம். மிக்கேலம்மா முட்டளவுத் தண்ணீரில் என்னை நடத்திக் கூட்டிப்போய் அந்தப் பாறையைக் காட்டினார். பழுப்பும் பச்சையுமாகப் பாய் விரித்தாற்போல் மரிக்கொழுந்து. சுற்றியுள்ள பாறைகளில் இன்னும் வரத்துப் பாசி இருந்தது. இதில் இல்லை. என்னை அறியாமல் குனிந்து கை நீட்டினேன்.

"அண்ணாச்சி" என்று அதட்டினார். "கையை எடுங்க. நானே அதைத் தொடுறதில்ல."

ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இவ்வளவுதான். கன்ட்ரோல் இல்லாமல் முடிவைச் சொல்லாதீர்கள். பரிந்துரை என்று ஒரு பக்கம் எழுதினால், அது யார் கையை நிறுத்தப் போகிறதோ அவர்களிடம் முதலில் போய் வாசித்துக் காட்டுங்கள். கமிட்டி அப்புறம் கேட்டுக்கொள்ளட்டும்.